படுத்துக்கொண்டே ஒரு வேலை

"தம்பி, இதுல நானா ஏறி உக்காரணுமா, இல்ல நாலு பேரு தூக்கிக் கெடத்துவியளா?"

சவேரியார் கேட்டதும் இஃப்திகார் சிரித்துவிட்டான். தனுஷ்கோடி ரோட்டோரம் அவன் புதிதாகப் போட்டிருந்த கொட்டகையில், சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் முளைத்தது போல வரிசையாக நின்றன அந்த மூன்று சக்கரச் சைக்கிள்கள். முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும்.

"பயப்படாதீங்கண்ணே. இது முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒண்ணு. வளைவுல கவுறாது, வேகமாப் போகும். அது பின்னாடி ரெண்டு. சீட்டு ஒசரம், முட்டிவலிக்காரவுக சுளுவா ஏறலாம். கடைசியில நிக்கிறது கையால சுத்துறது. கால் வராதவுகளும் கடலப் பாக்கணும்ல?"

"வயிறு பெருத்தவுகளுக்குன்னு தனியா ஒண்ணும் வரலையா? படுத்தா என் வயித்துக்கு அங்கிட்டு ரோடே தெரியாதே."

யாகப்பம்மாள் புருஷனை முழங்கையால் இடித்தாள். "வேலை கேக்க வந்த எடத்துல வாய அடக்குங்க."

விசைப்படகில் வலை இழுத்து இழுத்தே தேய்ந்த முதுகு அவருக்கு. இனிமேல் படகில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுமுதல் தங்கச்சிமடத்து வீட்டில் சவேரியார் உட்கார்ந்திருக்க, யாகப்பம்மாள்தான் தலையில் மீன்கூடையோடு தெருத்தெருவாக நடக்கிறாள். "நான் கரையில ஏத்திப் போட்ட வள்ளம். என் மேல காக்காதான் உக்காரும்" என்று சவேரியார் ஊர் சிரிக்கச் சொல்வார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரும்போது மட்டும் அவருக்குப் பேச்சு வராது. எப்படியாவது இந்த வேலையை வாங்கி, அந்தக் கூடையை அவள் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

இஃப்திகார் ஓர் இரட்டைச் சீட்டு வண்டியை வெளியே தள்ளி வந்தான்.

"வேலை இதுலதான். முன்சீட்டுக்கு ஒரு செயின், பின்சீட்டுக்கு ஒரு செயின். பின்னாடி உக்காந்து வர்ற டூரிஸ்ட்டு மிதிச்சாலும் மிதிக்காட்டியும் நீங்க இழுத்தாகணும். இடிஞ்ச கோயில் வரைக்கும் ஒரு ஆளை வெச்சுப் போயிட்டு வாங்க. சைக்கிள் ஓட்டுவீகல்ல?"

"சின்னதுலருந்தே!"

சின்னதிலிருந்தே அவர் சைக்கிளைத் தொட்டதெல்லாம், வழியில் நின்ற அடுத்தவன் சைக்கிளைத் தள்ளி வைப்பதற்காகத்தான்.

"பாரத்துக்கு நான் உக்காருறேன் தம்பி" என்றாள் யாகப்பம்மாள்.

இஃப்திகார் தலைக்கவசம் எடுக்க உள்ளே போனான். சவேரியார் கடலைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, சிலுவை போட்டு, தெரிந்த செபத்தையெல்லாம் சொல்லி முடித்தார். திரும்பியபோது யாகப்பம்மாள் வண்டிக்கு அடியில் குனிந்திருந்தாள்.

"என்ன புள்ள?"

"செருப்பு வாரு அந்துபோச்சு."

நிமிர்ந்தவளின் விரலெல்லாம் கறுப்பு. காலையில் கணவாய் மீன் கழுவியபோது ஒட்டிய மை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க மிதிக்கப்படாது. சும்மா காலை வெச்சுக்கிருங்க" என்றான் இஃப்திகார்.

"எனக்கு எங்க தம்பி மிதிக்கத் தெரியும்!"

வண்டி கிளம்பியது. திருப்புகிற பிடி படகுச் சுக்கான் மாதிரிதான். அதில் அவருக்குக் குழப்பமில்லை. மிதியோ, கால் வைத்ததும் காற்றாய்ச் சுற்றியது. 'இம்புட்டுத்தானா சைக்கிளு? இதுக்கா ஊர்ல அம்புட்டுப் பேரும் வேர்த்து ஊத்துறானுக!'

சங்கு விற்கிற வெள்ளையம்மாள் ரோட்டோரத்திலிருந்து பதறினாள். "ஆத்தே, சவேரியாரண்ணே! ஆசுபத்திரிக்கா போறிய?"

"இல்லத்தா, உத்தியோகத்துக்கு!"

கச்சான் காற்று முதுகில் தள்ளுகிறது, அதனால்தான் இத்தனை சுளுவு என்று முதலில் நினைத்தார். இடிந்த கோயிலருகே திரும்பியதும் அதே கச்சான் முகத்தில் அறைந்தது. அப்போதும் மிதி கனக்கவில்லை. அப்படியானால் தன் கால்தான் காரணம் என்று முடிவு செய்தார்.

பின்னாலிருந்து, "அருள் நிறைந்த மரியே..." என்று மூச்சு வாங்க செபம் கேட்டது.

"ஏ புள்ள, பயந்து சாகாத. ஓட்டுறது யாரு? நான்ல!"

செபம்தான் இன்னும் வேகமாயிற்று.

கொட்டகை வந்ததும் சவேரியார் மாப்பிள்ளை போல இறங்கினார். "பாத்தியளா தம்பி? கச்சானையே கிழிச்சுக்கிட்டு வந்திருக்கேன். முதுகுல ஒரு புடிப்பு இருக்கா? ஒரு சொட்டு வேர்வை இருக்கா?"

இல்லைதான். இஃப்திகார் அவரைப் பார்த்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற யாகப்பம்மாளைப் பார்த்தான். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து, வெகுநேரம் எதையோ பார்த்தான்.

"நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துருங்க."

சவேரியார் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா புள்ள? இனி உனக்குக் கூடை கெடையாது!"

"கெடையாதுதாண்ணே. நான் வரச்சொன்னது அக்காவத்தான். நீங்களும் கூட வாங்க, இங்கன உக்காந்து வர்றவுககிட்டப் பேசுங்க. அது உங்களுக்கு நல்லா வருது."

ஒன்றும் புரியாமல் சவேரியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முன்சீட்டுச் செயினைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கி, தரையில் இழுபடாதபடி வலை நூலால் கம்பியோடு கட்டிப் போட்டிருந்தது.

மெல்ல நிமிர்ந்து பெண்டாட்டியின் கறுத்த விரல்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது: இன்று காலை வீட்டில் கழுவியது நெத்திலி.