ஒரு வார்த்தைப் பிழை

பள்ளங்கியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த தேவகுமாரி, கொடைக்கானல் பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்ததும் விண்ணப்பத்தை மேசைமேல் வீசினாள்.

"இதை நீதானே அடிச்சுக் குடுத்த? 'ரெஃப்யூஜி'ன்னு போட்டிருக்குன்னு தாலுகா ஆபீஸ்ல திருப்பிட்டாங்க. நாளைக்குள்ள காலேஜ்ல சர்டிபிகேட் குடுக்கலைன்னா எம்மக நர்சிங் சீட்டு போயிரும்."

அங்கே தட்டச்சு வேலை பார்க்கும் பிரதீப் எடுத்துப் பார்த்தான். "தப்புதான்க்கா. 'ரிபேட்ரியேட்'னு வந்திருக்கணும். வெரசா மாத்தித் தாரேன்."

"தெரிஞ்சுமா இப்படிப் போட்ட? ரிபேட்ரியேட்னா சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தவங்க. எங்கப்பா தேயிலைத் தோட்டத்துலருந்து இந்தியப் பாஸ்போர்ட்டோட கப்பலேறி வந்தாரு. ரெஃப்யூஜின்னா அகதி, போக்கிடம் இல்லாதவங்க. ரெண்டும் ஒண்ணா?"

"இல்லக்கா."

அவன் தலைநிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அகதின்னு சொன்னா எப்படி வலிக்கும்னு ஒனக்கென்ன தெரியும்? ஒம்மேல கம்ப்ளெயின்ட் குடுக்காம விடமாட்டேன். ஐடி கார்டைக் காட்டு, பேரை எழுதிக்கிறேன்."

புதிய விண்ணப்பத்தோடு தன் அட்டையையும் சேர்த்து நீட்டினான் பிரதீப். அது அகதிகள் முகாமில் கொடுத்த அட்டை.

"நான் முகாம்லயே பொறந்தவன்க்கா. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து எனக்குன்னு எந்த ஃபாரம் எழுதினாலும் அந்த வார்த்தையத்தான் எழுதுறேன். அந்தப் பழக்கத்துல ஒங்களுக்கும் கை தானா அடிச்சிருச்சு."

தேவகுமாரிக்குக் கோபம் தணியவில்லை. அது யார்மேல் என்றுதான் இப்போது தெரியவில்லை.