தையல் துளைகள்

அப்பா இருபத்திரண்டு முறை குண்டுவீசப் பறந்தார், இருபத்துமூன்றாவது முறை மாட்டேன் என்றார் என்று உள்ளபடியே எழுதுவதாகச் சொன்னாயே, கிளைவ். அவ்ரில் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. லிங்கன்ஷயரின் அந்தக் கிராம மன்றத்தில் பழைய விமானதளக் கண்காட்சி திறக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. மேசைமேல் அவள் அப்பாவின் நீலச் சீருடைச் சட்டை விரிந்து கிடக்கிறது. பக்கத்து அட்டை, ‘போர் முடியும்வரை பறந்த வீரர்’ என்கிறது. மூலையில் தேநீர்க் கொதிகலன் முனகுகிறது. சன்னல் வெயில் சட்டையின் மார்பில் விழுகிறது. பறக்க மறுத்த அன்று எல்லோர் முன்னிலும் மேலதிகாரிகள் சிறகுச் சின்னத்தைப் பிய்த்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக, சுற்றிலும் ஊசித் துளைகளோடு தெரிகிறது. அந்த இடத்தில் கைவைக்க அப்பா கடைசிவரை யாரையும் விடவில்லை. கண்காட்சியை நடத்தும் கிளைவ் எங்கோ வாங்கிய அதேபோன்ற ஒற்றைச் சிறகுச் சின்னத்தை ஊசிநூலோடு நீட்டுகிறான். “நாலு தையல் போடு, அம்மாடி. கூடப் பறந்தவங்க பிள்ளைங்க எல்லாம் கேக் தின்ன வர்றாங்க. அவங்களுக்குப் போய் ஓட்டையைக் காட்டணும்ங்கிறியே!” “அட்டையில எழுதினது பொய், கிளைவ்.” “உங்கப்பாவுக்கு நல்லதுதானே பண்றேன்?” அவள் ஊசியை வாங்கி, அவன் கோட்டு மடிப்பிலேயே பதமாகக் குத்தி வைக்கிறாள். துளைகள் மேலே தெரியும்படி சட்டையை மடித்துப் பைக்குள் வைக்கிறாள். “வேண்டாம்,” என்கிறாள்.