பின்பக்கத்து ஜன்னல்

"ஜன்னலைத் திறக்கவே மாட்டேங்கறாரும்மா. கேட்டா, காத்து ஒத்துக்காதாம். பிடிவாதத்துக்குக் கைகால் முளைச்ச மாதிரி ஒரு மனுஷன்!"

வீட்டின் பின்பக்கச் சந்தில், துணிக்கொடிக்குக் கீழே நின்று போனில் பொருமிக்கொண்டிருந்தாள் மருமகள். மனம் விட்டுப் பேச அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் அதுதான். முதுகுக்குப் பின்னால் மாமனாருடைய அறையின் ஜன்னல், வழக்கம்போல இறுக மூடிக் கிடந்தது.

"டாக்டர் என்னடி சொல்றார்?" என்றாள் அம்மா.

"மாத்திரை இருக்கட்டும், முதல்ல அந்த ரூமுக்கு வைத்தியம் பாருங்கன்றார். சுவரெல்லாம் பூஞ்சை. ஃபேன் போட்டா அதே புழுக்கத்தைத்தான் சுத்திச் சுத்தி அடிக்குது. உள்ளே போனா ஈரத்துணியை மூஞ்சியில போத்தின மாதிரி இருக்கு. இவரு இருமற இருமல்ல எனக்கே நெஞ்சு வலிக்குது."

"பேசாம உன் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிடுங்களேன்."

"உங்க மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்றார். இந்த வாரத்துக்குள்ள ரூம் சரியாகலேன்னா கூட்டிட்டுப் போய் விட்டுடுவாராம். அங்கே மாடிப்படி வேற. இந்த மூச்சோட எப்படி ஏறுவார்? சொன்னா கேட்டாத்தானே!"

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, கணவனும் மனைவியும் திருடர்களைப் போல அந்த அறைக்குள் நுழைந்தார்கள்.

கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தினார்கள். பின்னால் சுவர் கறுத்துப் போயிருந்தது. கணவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பூஞ்சையைத் துடைத்தான். அவள் ஜன்னலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் விடு."

"துரு இல்லீங்க. இங்கே வந்து பாருங்க."

சட்டத்தின் இடுக்கெல்லாம் துணி. பழைய பனியனைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, திரி போல உருட்டி, நூல் நுழைய இடமில்லாமல் செருகியிருந்தது.

"எங்கப்பாவுக்கு வேற வேலையில்லே," என்று சிரித்தான் கணவன். "கொசுவுக்குப் பயந்திருப்பார்."

கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். ஜன்னல் முனகிக்கொண்டு திறந்தது. காற்று உள்ளே வந்து, யார் வீடு என்று பார்ப்பதுபோல ஒரு சுற்று சுற்றியது. அலமாரிமேல் இருந்த செய்தித்தாள் படபடத்தது.

மெத்தையை வெயிலில் போடக் கணவன் சந்துக்குத் தூக்கிப்போனான். அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

"அக்கா, நான்தான்."

திடுக்கிட்டுத் திரும்பினாள். அறையில் யாருமில்லை.

"இல்லக்கா, அப்பாவை அனுப்ப வேண்டியிருக்காது. ரூமைச் சரி பண்ணிட்டோம்."

வெளியே துணிக்கொடிக்குக் கீழே நின்று, கணவன் போனில் தணிந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தான். ஒரு சொல் விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல உள்ளே கேட்டது.

கையில் துடைப்பத்தோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் காலமாகி, மாமனார் இங்கே வந்துசேர்ந்த புதிதில் இந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது. வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் அதே கொடிக்குக் கீழே நின்று அம்மாவிடம் அழுதாள். 'இவர் வந்ததுலேருந்து இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுதும்மா.'

அதற்குப் பிறகு ஜன்னல் திறந்து அவள் பார்த்ததில்லை.

வாசல் கேட் கிறீச்சிட்டது. ஒட்ட வெட்டிய தலையோடு அறை வாசலில் வந்து நின்றார் மாமனார். திறந்த ஜன்னலைப் பார்த்தார். அவள் காலடியில் கிடந்த பனியன் திரிகளைப் பார்த்தார்.

"மாமா..." என்றாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவர் மெல்ல நடந்து போய் ஜன்னலோரம் நின்றார். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டார். இருமல் வரவில்லை.

"நல்ல காத்தும்மா. திறந்தே இருக்கட்டும்."

பிறகு, வெளியே கொடியைப் பார்த்தபடி சொன்னார்:

"உங்கம்மாகிட்ட பேச வரும்போது மட்டும் எனக்கு ஒரு குரல் குடு. மூடிக்கறேன்."