எல்லோருக்கும் வாய் இருக்கிறது

ஐந்தாவது நிமிடத்திலேயே ஐலி தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடையில் அவள் கணவர் ஏய்னோ, மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமல், தன் வாழ்நாளின் முதல் சீனப் பிரசங்கத்தைச் செய்துகொண்டிருந்தார்.

பின்லாந்திலிருந்து கப்பலேறித் தைவானுக்கு வந்து இரண்டு வருடம். அதில் ஒன்றரை வருடம் மொழிப் பள்ளியில் போயிற்று. கிழக்குக் கரையில் இந்தச் சிற்றூருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. வழக்கமாக ஏழு பேர் வரும் தகரக் கூரைக் கோயிலில், வெள்ளைக்காரப் பாஸ்டர் தானே பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு இன்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம் எல்லோருக்கும் வாய் இருக்கிறது" என்றார் ஏய்னோ.

கூட்டம் தலையாட்டியது. யாரால் மறுக்க முடியும்?

அவர் சொல்ல வந்தது பாவத்தை. சீனத்தில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். குரலை மேலிருந்து கீழே போட்டால் பாவம். பள்ளத்தில் இறக்கித் தூக்கினால் வாய். ஏய்னோ ஒவ்வொரு முறையும், மிகுந்த கவனத்தோடு, பள்ளத்தில் இறக்கித் தூக்கினார்.

பிறக்கும்போதே வாயோடு பிறக்கிறோம் என்றார். ராஜாவுக்கும் வாய் உண்டு, பிச்சைக்காரனுக்கும் வாய் உண்டு என்றார். ஏவாளின் வாயால்தான் உலகத்துக்கே கேடு வந்தது என்றார்.

"ஏன், அவ மட்டுமா தின்னா? அவனுந்தானே தின்னான்!" என்று பின்வரிசையில் மீன்காரி ஒருத்தி முணுமுணுத்தாள்.

"என் வாய் எவ்வளவு பெரியது என்று என் மனைவிக்குத் தெரியும்." இதைச் சொல்லும்போது ஏய்னோவின் குரல் தழுதழுத்தது.

நாற்பது பேரும் ஐலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தில் மகள் சிர்க்கா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஒன்பது வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஊர்ப் பிள்ளைகளைப் போலவே சீனம் பேசுகிறவள். ஐலி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ஏய்னோ இரண்டு கைகளையும் விரித்தார்.

"உங்கள் வாயை இனியும் மறைக்காதீர்கள்! எத்தனை வருட அழுக்கானாலும் சரி, இன்றே முன்னால் வாருங்கள். ஆண்டவர் சுத்தமாக்குவார். நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டாம். இலவசம்!"

கோயில் சலசலத்தது.

முதலில் எழுந்தவர் ஃபான், பழைய சிப்பாய். தாடையைக் கையால் தாங்கியபடி மேடையருகே வந்தார். அவர் பின்னால் மீன்காரி. அவள் பின்னால் கன்னம் வீங்கிய தச்சர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஏய்னோவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆறு மாதத்தில் ஒரே ஒரு ஆள்கூட இப்படி முன்னால் வந்ததில்லை. இந்த வருடத்துக்குள் யாரும் வராவிட்டால் இந்த ஊரைக் கைவிட்டுத் திரும்பிவிடும்படி பின்லாந்து மிஷன் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"பாஸ்டரையா, மூணு வருஷமா உயிரெடுக்குது" என்றார் ஃபான்.

ஏய்னோவுக்கு மூன்று வருடம் என்பது மட்டும் விளங்கியது. "மூணு வருஷமா மனசுக்குள்ளயே வச்சு வெந்திருக்காரு, ஐலி!" என்று பின்லாந்து மொழியில் கூவினார்.

ஃபான் வாயை அகலமாகத் திறந்தார்.

ஏய்னோ பாவ அறிக்கைக்காகக் காத்திருந்தார். ஃபான் திறந்த வாயை மூடவில்லை. இருவரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

ஐலி எழுந்து வந்து பார்த்தாள். கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தைய பல். வேர்வரை சொத்தை. அவள் எதிர்பார்த்ததுதான். இந்தத் தாடைகளையெல்லாம் ஆறு மாதமாகச் சந்தையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல் வைத்தியரிடம் போக வேண்டுமானால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். யாரும் போவதில்லை.

பின்லாந்தில் பதினோரு வருடம் அவளே பல் வைத்தியர். தலைமையகத்தின் காகிதங்களில் மட்டும் 'மனைவி' என்று இருந்தது. இங்கே வைத்தியம் பார்க்க அனுமதி கேட்டு மூன்று முறை அவர்களுக்கு எழுதினாள். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது: முதலில் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும்.

"இங்க என்ன நடக்குது?" என்றார் ஏய்னோ.

"நீ கூப்பிட்டுத்தானே வந்திருக்காங்க? வரிசை கலையாம பாத்துக்கோ."

கோயிலுக்குப் பின்னாலிருந்த வீட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டி வெளியே வந்தது. குறடுகள் கொதிநீரில் வெந்தன. சாப்பாட்டு மேசை நாற்காலியை ஜன்னலோரம் வெளிச்சத்தில் இழுத்துப் போட்டார்கள். வாசலில் ஏய்னோ ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, கைகுலுக்கி, உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு இப்போது புரிந்திருந்தது. ஆனாலும் பதினான்கு பேர் பதினான்கு பேர்தானே?

ஃபானின் பல் எனாமல் தட்டில் டங்கென்று விழுந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சிர்க்கா, அம்மாவின் காதருகே வந்தாள்.

"அம்மா, நேத்து அப்பா உன்கிட்டதானே வந்து கேட்டாரு, பாவம்ங்கிற சொல்லுக்குக் குரலை எப்படிப் போடணும்னு? சந்தையில நீ எல்லாச் சொல்லையும் சரியாத்தானே சொல்றே. அவருக்கு மட்டும் ஏன் மாத்திச் சொல்லிக் குடுத்தே?"

"பஞ்சு" என்று கையை நீட்டினாள் ஐலி.