சிங்காரத்தின் முறை

1989இல் எங்கள் மீனவர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழவேற்காடு ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்று ஊர் வகுத்த பாடு முறையை அதில் ஏற்றியவள் சங்கத்தில் கணக்கு எழுதும் சுராயா. ஆளுக்கொரு கோப்பு. முறை வந்த நாளில் போனாரா இல்லையா என்பதையும் அவளே ஏற்றுவாள்.

கோப்பு இருக்கும் முழுப் பாதையையும் தட்ட அவளுக்குப் பொறுமை கிடையாது. ஆளுக்கொரு குறுக்குவழி வைத்திருந்தாள். மூன்றெழுத்து தட்டினால் கோப்பு திறக்கும். குறுக்குவழியை அழித்தால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. கோப்பை அழித்துவிட்டால் குறுக்குவழி எதையும் திறக்காது.

ஐப்பசிப் புயலில் ஏரிக்குப் போன சிங்காரம் திரும்பவில்லை. தை பிறந்ததும் சுராயா அவர் கோப்பை அழித்தாள். குறுக்குவழியை அழிக்க மறந்துவிட்டாள்.

மாசியில் அவர் மனைவி லோகநாயகி வந்தாள்.

"எங்க வூட்டுக்காரர் முறைய என் தம்பி பேருக்கு மாத்திக் குடும்மா."

"அவரு கோப்பே இப்ப இல்லக்கா. பாருங்க," என்று சுராயா மூன்றெழுத்தைத் தட்டினாள்.

கோப்பு திறந்தது. அவள் ஏற்றாத வரிகள் இருந்தன. தையில் மூன்று நாள், மாசியில் இரண்டு.

"இன்னா போட்டுக்குது?" என்றாள் லோகநாயகி.

"நேத்து போனாருன்னு."

லோகநாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் காலைல வூட்டுல இருந்த அவரு வலை ஈரமா இருந்துச்சு," என்றாள். "அடுத்த முறை எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ தம்பி பேரு வேணாம். வலைல ஒரு கிழிசல் இருக்குது. அதுக்குள்ள தைச்சு வெச்சுடறேன்."