எழுபத்தெட்டு முடி

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு சோறு வேணாம், மாத்திரை போதும்! போன்ல எவனோ தலையைச் சிலுப்பிக் காட்டினா, உடனே வாங்கி முழுங்குறானுங்க!”

கத்திக்கொண்டே எத்திராஜ் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். அறுபத்தெட்டு வயதிலும் சீப்பு சிக்கிக்கொள்ளும் அடர்த்தி.

“உனக்கின்னா நைனா, காடு மாரி கீது. என் கஷ்டம் எனக்குத்தான் தெரியும்” என்றான் மகன் அசோக்.

டெங்குக் காய்ச்சலுக்குப் பிறகு அவனுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. உச்சந்தலையைப் பார்த்த ஆவடிப் பெண் வீட்டார், கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டிலிருந்து வேறொரு குடும்பம் மாப்பிள்ளை பார்க்க வருகிறது.

மூன்று மாதமாகக் கரிசலாங்கண்ணி மாத்திரை. அசோக்குக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில், செய்த பொருள்களை அளந்து சரிபார்க்கும் செக்கிங் வேலை. எதையும் அளந்து பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. மாத்திரை ஆரம்பித்த அன்றே, உச்சந்தலை மச்சத்தின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, பேனாவால் வட்டம் போட்டு, அதற்குள் எத்தனை முடி என்று அம்மா சாமுண்டீஸ்வரியை லென்ஸ் வைத்து எண்ணச் சொன்னான். முப்பத்தொன்று.

இன்று மறுபடி அதே மச்சம், அதே காசு, அதே லென்ஸ்.

“எழுபத்தாறு... எழுபத்தேழு... எழுபத்தெட்டுடா!” அம்மா அலறினாள்.

அசோக் நாற்காலியிலிருந்து துள்ளினான். “நல்லா பாத்தியாம்மா?”

“ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். யோவ், நீயும் வந்து எண்ணு. உன் வாயால சொல்லணும்.”

“ஒத்த முடிகூட வளரல. எல்லாம் டியூப்லைட் வெளிச்சம்.”

“லென்ஸுல பாரு நைனா!”

“லென்ஸும் மாத்திரைக்காரன் குடுத்ததா?”

“கம்பெனி லென்ஸு! ஊசி முனைல வுழுந்த கீறலே தெரியும்.”

சாமுண்டீஸ்வரி விடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து லென்ஸைத் திணித்தாள். எத்திராஜ் முனகிக்கொண்டே எண்ணினார். நாற்பதைத் தாண்டியதும் குரல் இறங்கியது. அறுபதில் நின்றே விட்டது.

“இன்னாத்துக்கு நிறுத்திட்ட? இன்னும் கீதா, இல்லியா?” சாமுண்டீஸ்வரி விரட்டினாள்.

“கீது.”

“அப்போ வளந்துகீது?”

“சரி, வளந்துகீது. ஆனா மாத்திரையால இல்ல. காய்ச்சல்ல கொட்னது தானா மொளைக்கும்னு டாக்டரு அன்னிக்கே சொன்னாரு.”

“எதுனால வந்தா இன்னா, வந்துச்சில்ல! டேய், ஒத்துக்கினாருடா!” சாமுண்டீஸ்வரி கற்பூரம் ஏற்ற ஓடினாள்.

அசோக் சிரித்தான். “முடி எனக்கு வந்துகீது. நைனா ஒத்துக்கினதுக்கு இன்னாம்மா இவ்ளோ குஷி?”

“உனக்கு முடி வளந்தா உங்கப்பாவுக்குத் திருத்தணில மொட்டைன்னு வேண்டிகினேன்டா. மூணு மாசமா ‘மொதல்ல வளரட்டும், பாக்கலாம்’னு சொல்லிகினு கீறாரு. நாளைக்குக் காலைல மொத ரயிலு!”

எத்திராஜ் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

“தானா மொளைச்சதுக்கு முருகனுக்கு இன்னாத்துக்கு என் முடி?” என்றவர், இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.