இட்லிக்குப் பின்னால்

“ஏங்க, கறுப்புச் சட்டையைப் போட்டுட்டு இட்லிக்குப் பின்னால நில்லுங்க. பின்னாடி இருட்டா இருந்தாத்தான் ஆவி படத்துல தெரியுமாம்” என்றாள் என் மனைவி மரகதவல்லி. உணவைப் படமெடுக்க அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு விதிச்சது ஆறின இட்லிதான்” என்றேன்.

“பேசாதீங்க, ஆவி கலையுது” என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்று பிற்பகல் மாரடைப்பில் போய்விட்டாள்.

மாலை போட்டு வைக்கப் படம் தேடி, மகள் அம்மாவின் கைபேசியைத் துழாவினாள். எல்லாவற்றிலும் இட்லி, பின்னால் தலையில்லாத என் சட்டை.

“ஒண்ணுலகூட அம்மா இல்லையேப்பா. இந்தப் படம் ஆடிப்போயிருக்கு, அழிச்சிரவா?”

“வேண்டாம்மா. அது அம்மா சிரிச்சதுல ஆடினது.”

அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினோம். மாலைக்கு உள்ளே, மங்கிய வெள்ளையிலிருந்து ஆவி இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது.